உள்ளங்கையில் எழுதிய நேரம்

(பள்ளி விடுமுறை விளையாட்டு முகாமுக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்திருந்த இளைஞர்களிடமும், உள்ளூர்ச் சபைகளின் பயிற்றுநர்களிடமும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கிள்ளானில் முப்பது வருடங்களுக்கு மேல் உடற்கல்வி சொல்லிக் கொடுத்தவள். எனக்குப் பிரசங்கம் வராது. ஒரு பையனைப் பற்றிச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், இதே போல ஓர் ஆண்டு இறுதி விடுமுறை. வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் கிள்ளானுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். விடியற்காலையில் எழுந்து ஜெபித்துவிட்டு, வெயிலில் நாள் முழுக்க நின்று, எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகளோடு ஐந்து நாள் ஓடி விளையாடினார்கள். அவர்களில் ஓர் இளைஞன் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு 60 மீட்டர் ஓட்டத்தில் நேரம் எடுத்தான். 10.4 விநாடி. அந்த எண்ணைப் பேனாவால் பையனின் இடது உள்ளங்கையில் எழுதிவிட்டான். மறுநாள் 10.3. ஐந்தாம் நாள் 10.1. கடைசி எண்ணை மட்டும் இரண்டு தரம் அழுத்தி எழுதி, “அடுத்த வருஷம் வந்து பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் அந்தத் திடல் பக்கம் போனேன். பையன் தனியாக நின்றிருந்தான். செருப்பைக் கழற்றிக் கோட்டோரமாக வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையை விரித்துக் காட்டினான். மை பாதிக்கு மேல் போயிருந்தது. அந்தக் கையை நனைக்காமல் வாளிக்கு வெளியே நீட்டிக்கொண்டே குளித்தான் என்று அவன் அம்மா பிறகு சொன்னார். “டீச்சர், டைம் எடுங்க” என்றான். என்னிடம் ஸ்டாப்வாட்ச் இல்லை. பள்ளிக்கூடத்து ஸ்டாப்வாட்ச் விடுமுறைக்காகப் பூட்டிய அறைக்குள் இருந்தது. அந்த அண்ணனுடையதோ அண்ணனோடு போய்விட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். நீங்கள் இருக்கப்போகும் ஐந்து நாளைப் பற்றி உங்கள் தலைவர்கள் நன்றாகத் திட்டமிட்டிருப்பார்கள். ஆறாம் நாளைப் பற்றித் திட்டம் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

விளையாட்டையும் ஊழியத்தையும் சேர்த்தது நாமல்ல. இந்தப் பிரிக்பீல்ட்ஸிலேயே ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் இருக்கிறது. கோலாலம்பூரில் அது 1905-இல் தொடங்கியது. இன்று அது இருக்கும் சாலையின் பெயர் ஜாலான் பாடாங் பெலியா. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மலாயில் பாடாங் என்றால் திடல், பெலியா என்றால் இளையோர். இளையோர் திடல் சாலை. எனக்கு மிகவும் பிடித்த சாலைப் பெயர்.

இதே ஒய்.எம்.சி.ஏ.வின் அமெரிக்கப் பயிற்சிப் பள்ளி ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்தது. அங்கே 1891 டிசம்பர் குளிரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், வெளியே போய் விளையாட முடியாமல் சலித்துப்போன ஒரு வகுப்புக்காகப் பழக்கூடைகளை மேலே மாட்டி ஒரு புது ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அதுதான் கூடைப்பந்து. நான்கு வருடம் கழித்து, 1895-இல், கைப்பந்தும் ஒய்.எம்.சி.ஏ.வில்தான் பிறந்தது. நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். ஆனால் அவர் எழுதிய 13 விதிகளைப் படித்துப் பாருங்கள். சமயம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தோளால் இடிக்கக் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, காலைத் தட்டிவிடக் கூடாது, அடிக்கக் கூடாது என்று மட்டும் ஒரு விதியில் தெளிவாக எழுதி வைத்தார். எதிரணிக்காரனின் உடம்புக்கு மரியாதை கொடுக்கச் சொல்லும் விதி அது. அதற்குள் அவருடைய விசுவாசம் முழுசாக இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1919-இல் சென்னைக்கு வந்தார். அடுத்த வருடமே உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு அவரே மேலாளர். பெரிய பெயர், பெரிய வேலை. ஆனால் அவர் வாழ்க்கையில் என்னைத் தொட்டது வேறு. இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அவர் நிற்கவில்லை. சொல்லிக் கொடுக்கிறவர்களை உருவாக்குகிறேன் என்று நின்றார். 1943-இல் சென்னையிலேயே இறந்தார். அப்படியென்றால் 24 வருடம். வந்தவர் போகவே இல்லை. அவர் போன பிறகும் அவர் வளர்த்த ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளிக்கூடத் திடல்களில் நின்றார்கள்.

பாரிஸ் என்றதும் உங்களில் பலருக்கு எரிக் லிடெல் ஞாபகம் வந்திருக்கும். ஓய்வுநாள் பள்ளியில் அவர் கதையைக் கேட்காத பிள்ளை உண்டா? 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது என்பதற்காக ஓட மறுத்தவர். பிறகு 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். நம் மேடைகளில் கதை அத்தோடு முடிந்துவிடும். எனக்கு அதற்கப்புறம் வரும் பகுதிதான் முக்கியம்.

தங்கம் வாங்கிய மறு வருடமே அவர் சீனாவுக்குப் போய்விட்டார். மிஷனரி பெற்றோருக்குப் பிள்ளையாக அவர் பிறந்ததும் அங்கேதான். போர் வந்தது. 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் என்ற இடத்தில் இருந்த தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அந்த முகாமில் பெற்றோரை விட்டுப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு லிடெல் அறிவியல் சொல்லிக் கொடுத்தார். ஓட்டப் பந்தயம் வைத்தார். உடைந்த ஹாக்கி மட்டைகளைச் சரிசெய்து கொடுத்தார். பிள்ளைகள் அவரை எரிக் மாமா என்று கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் ஆட்டம் வேண்டாம் என்பது அவர் நிலை. பிள்ளைகள் கேட்கவில்லை. நடுவர் இல்லாமல் அவர்களாகவே ஹாக்கி ஆடினார்கள், சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிடெல் திடலுக்கு வந்து நடுவராக நின்றார்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது, தனக்குப் பதக்கம் வரும் என்றபோது, ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். யாரும் பார்க்காத ஒரு முகாமில், பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள் என்றதும் அதே நாளை விட்டுக்கொடுத்தார். தனக்கென்றால் ஓர் அளவு, பிள்ளைக்கென்றால் வேறு அளவு. 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன், மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார். அப்போது அவருக்கு 43 வயது.

தம்பிகளே, நாளை நீங்கள் பார்க்கப்போகும் பிள்ளைகள் யார்?

கிள்ளான் பள்ளத்தாக்கு என்று இன்று சொல்கிற இந்தப் பெரிய நகரத்தின் பாதி, என் சின்ன வயதில் ரப்பர் தோட்டம், செம்பனைத் தோட்டம். நான் பிறந்ததும் ஒரு லயத்து வீட்டில்தான். தோட்டத்தில் எங்களுக்கு அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருந்தது. பால்மரம் வெட்டி முடித்த ஆண்கள் சாயங்காலம் அங்கே காற்பந்து ஆடுவார்கள். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் போட்டி நடக்கும். வரிசை வரிசையாகச் சனம் நிற்கும். இந்த நாட்டில் விளையாட்டு என்றால் தமிழர் பெயர் சொல்லாமல் முடியாது. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வாங்கினார். அதே போட்டியில் எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். நான் ஓட ஆரம்பித்ததே ராஜாமணியின் பெயரைக் கேட்டுத்தான்.

பிறகு தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, தொழிற்பேட்டைகளாயின. புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்டீர்களாம். அவசியம் போய்ப் பாருங்கள். 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது. அந்தப் போட்டியில்தான் நம் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வாங்கினார். அந்தப் புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். அங்கே பால்மரம் வெட்டிய குடும்பங்களில் சில, தாங்கள் வாழ்ந்த மண்ணில் கொஞ்சம் இடம் கேட்டு, அரங்கம் கட்டிய பிறகும் பல வருடம் போராடின. அரங்கத்தைப் பார்க்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாளை உங்கள் முன் நிற்பார்கள். அடுக்குமாடி வீடு, பெரும்பாலும் இரண்டு அறை. அப்பா லாரியிலோ துறைமுகத்திலோ, அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையில் இருப்பார். திடல் இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம். பிறப்புப் பத்திரச் சிக்கலால் பள்ளியில் சேர்க்கவே அலைந்த வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். மியன்மாரிலிருந்து அகதிகளாக வந்த சின் இனத்துப் பிள்ளைகள் சிலரும் வருவார்கள். அகதிகளுக்கான உலக ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. அதனால் அரசுப் பள்ளியின் கதவு அந்தப் பிள்ளைகளுக்குத் திறப்பதில்லை. சமூகமே நடத்தும் சிறு கல்வி மையங்களில் படிக்கிறார்கள். உங்கள் பட்டியலில் “வசதி குறைந்த பிள்ளைகள்” என்று ஒரே வரியில் இவர்கள் எல்லாரும் இருப்பார்கள். திடலில் அந்த வரியை மறந்துவிடுங்கள். ஒவ்வொருவரையும் பெயர் கேட்டுக் கூப்பிடுங்கள்.

இனி கொஞ்சம் கடினமான பேச்சு. பெற்றோர்களும் கவனமாகக் கேட்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்கள். நெற்றியில் திருநீறோடு வருவார்கள். நான் இயேசுவை நம்புகிறவள். அதை ஒளித்து வைத்துக்கொண்டு விளையாடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் பந்தைக் காட்டிப் பிள்ளையைக் கூப்பிட்டு, பெற்றோருக்குத் தெரியாமல் கதை சொல்லிக் கை உயர்த்தச் சொல்லி, இத்தனை பேர் தீர்மானம் எடுத்தார்கள் என்று ஊருக்கு எழுதுவது தூண்டில் போடும் வேலை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தவர், யார் தன்னை நம்புகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுக் கொடுக்கவில்லை.

இந்த நாட்டில் இது மனச்சாட்சி விஷயம் மட்டும் இல்லை, சட்டமும்கூட. கூட்டரசு அரசியலமைப்பின் 12(4) பிரிவின்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தை முடிவு செய்வது பெற்றோர் அல்லது பாதுகாவலர். அந்த ஒரு பிரிவை வைத்து ஒரு தமிழ்த் தாய் எத்தனை வருடம் நீதிமன்றப் படி ஏறினார் தெரியுமா? ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தி. 2009-இல் அவருடைய மூன்று பிள்ளைகளையும் அவருக்குத் தெரியாமல் தகப்பன் மதம் மாற்றினார். அது செல்லாது, தாய் தந்தை இருவர் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் கடைக்குட்டி மகளைப் பார்க்காமல் அந்தத் தாய் வருடக்கணக்காகக் காத்திருந்தார். அவருக்கு நேர்ந்ததைக் கேட்டு இந்த ஊரில் எத்தனையோ தாய்மார் அழுதிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், தாய்க்குத் தெரியாமல் அவள் பிள்ளையின் நம்பிக்கையைத் தொட யாருக்கும் உரிமையில்லை, நமக்கும் இல்லை.

அதனால் எங்கள் முகாமில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். நாம் யார், எந்தச் சபை, எத்தனை மணிக்கு விளையாட்டு, எத்தனை மணிக்கு ஜெபமும் வேதக் கதையும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு அனுப்புகிறோம். கதை நேரத்துக்கு முன்பே பிள்ளையைக் கூட்டிப் போகலாம். கூட்டிப் போனாலும் சாப்பாடு உண்டு, மறுநாள் அணியில் இடமும் உண்டு. வேடிக்கை பார்க்க வரும் மலாய்ப் பிள்ளைகளை விரட்டாதீர்கள், பந்தை உதைத்துத் திருப்பிக் கொடுங்கள். ஆனால் அவர்களிடம் சமயப் பேச்சு எதுவும் வேண்டாம். சிலாங்கூரில் முஸ்லிம்களிடம் வேறு சமயம் பரப்புவதைத் தடுக்க 1988 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், பதில் சொல்ல வேண்டியவர் இங்கேயே இருக்கும் போதகர் ஐயா.

அடுத்தது சொல்லவே நாக்கு கூசுகிற விஷயம். சொல்லாமல் விட்டால் நான் ஆசிரியை இல்லை.

2016 ஜூன் மாதம் லண்டன் நீதிமன்றத்தில் ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ் இளைஞனுக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தார்கள். 71 குற்றங்களை அவனே ஒப்புக்கொண்டான். எல்லாம் சிறு பிள்ளைகளுக்குச் செய்த பாலியல் கொடுமை. 2006 முதல் 2014 வரை நடந்தது. பெரும்பாலும் எங்கே? இதே கோலாலம்பூரில், ஏழைக் குடும்பங்களில், பெரும்பாலும் நம் இனத்துப் பிள்ளைகளிடம். எப்படி உள்ளே வந்தான்? பக்தியுள்ள கிறிஸ்தவனாக, ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் தொண்டனாக, பிள்ளைகளைப் படம் எடுத்துக் கொடுக்கும் அண்ணனாக வந்தான்.

அந்தச் செய்தி வந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் கெட்டவன் என்பதோடு அது முடிந்துவிடவில்லை. நாம் கதவைத் திறந்தோம். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார், பைபிள் வைத்திருக்கிறார், நம் பிள்ளைகளிடம் பிரியமாக இருக்கிறார் என்று கேள்வியே கேட்காமல் திறந்தோம். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தோம். எந்தப் பிள்ளையாவது ஏதாவது சொல்ல வந்திருக்கும், அதை வாய்மூடச் செய்திருப்போம்.

அதற்கு அடுத்த வருடம், 2017-இல், சிறார் பாலியல் குற்றங்களுக்கென்றே இந்த நாட்டில் புதுச் சட்டம் வந்தது. பிள்ளையைப் பழக்கி வசப்படுத்துவதே அதில் குற்றம். ஆசிரியர், விளையாட்டுப் பயிற்றுநர் போல நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால் தண்டனை கூடும். தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். சொன்னால் சபையின் பெயர் கெட்டுவிடுமே என்று யாராவது யோசித்தால், இந்தச் சட்டத்தை ஞாபகப்படுத்துங்கள்.

ஆகவே நாளை முதல் எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்கா, தண்ணீர் குடிக்கவா, காயத்துக்கு மருந்து போடவா, இரண்டு பெரியவர்களாகப் போக வேண்டும். பிள்ளைகளின் தொலைபேசி எண்ணை வாங்காதீர்கள். செய்தி அனுப்ப வேண்டுமென்றால் பெற்றோர் குழுவுக்கு அனுப்புங்கள். உங்கள் கைப்பேசியில் பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம். முகாமுக்கென்று ஒரே கேமரா, அது ஓர் உள்ளூர் அக்காவிடம் இருக்கும். முதுகில் தூக்கிச் சுமக்காதீர்கள். பிரியத்தைக் காட்ட ஒரு ‘ஹை ஃபைவ்’ போதும். முதல் நாளே பிள்ளைகளிடம், உனக்குப் பிடிக்காத மாதிரி யார் தொட்டாலும், அது நானாகவே இருந்தாலும், இந்த அக்காவிடம் போய்ச் சொல் என்று சொல்லிவிடுங்கள். 15999 என்ற அரசாங்க உதவி எண்ணைத் திடல் வாசலில் பெரிதாக ஒட்டியிருக்கிறோம். இந்த ஒழுங்குகள் உங்களைச் சந்தேகப்படுவது போல இருக்கும். மனசு நோகும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகள் பட்டதற்கு முன் இது ஒன்றுமே இல்லை.

மற்றவை சுருக்கமாக. இந்த மாதம் மத்தியானத்துக்கு மேல் மழை நிச்சயம், இடியும் நிச்சயம். முதல் இடிச் சத்தம் கேட்டதுமே எல்லாரும் கட்டடத்துக்குள். ஆட்டம் சமநிலையில் இருக்கிறது, இன்னும் இரண்டே நிமிடம் என்று கெஞ்சுவார்கள், விடாதீர்கள். வெயில் வேளையில் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீர். நீங்கள் கால்பந்து என்பதை இங்கே காற்பந்து என்போம். அதற்காக யாரையும் திருத்த வேண்டாம். சிங்கப்பூர் பிள்ளைகளே, ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டு போகாதீர்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை தமிழில்தான் வாய்விட்டுச் சிரிக்கும்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். திடலில் விசில் உங்கள் கையில் இருக்காது. எங்கள் பயிற்றுநர்கள் கையில் இருக்கும். நீங்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும், அவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டும். உங்களுக்குப் புதுப் பயிற்சி தெரிந்தால் காலையில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், மாலையில் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். உங்களில் மாநில அளவில் ஆடியவர்கள் இருக்கிறீர்கள். வீடமைப்புப் பகுதி முனையில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்குப் பின்னால் நிற்பது உங்களுக்குச் சிரமமாக இருக்கலாம். ஆறாம் நாள் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கப்போவது அவர்தான். பிள்ளைகளின் கண்ணில் அவரைப் பெரியவராக்கிவிட்டுப் போங்கள். “அடுத்த வருஷம் வருவேன்” என்று யாரும் சொல்ல வேண்டாம். “செவ்வாய்க்கிழமை அண்ணன் இங்கே இருப்பார்” என்று சொல்லுங்கள், அது உண்மை.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அன்று இரவே கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கினேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நேரம் எடுத்தேன். 10.6. முகம் வாடிவிட்டது. உள்ளங்கையில் எழுதவில்லை, ஒரு கணக்கு நோட்டு வாங்கி அதில் எழுதினேன். அந்த நோட்டில் மற்றப் பிள்ளைகளின் பெயரும் சேர்ந்தது. இப்போது அது ஒன்பதாவது நோட்டு. அவன் நாட்டுக்காக ஓடவில்லை. மாவட்ட அளவில் ஒரு வெண்கலம் வாங்கினான், அதற்கப்புறம் வேலைக்குப் போய்விட்டான். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். ஷிப்ட் இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் மகளையும் கூட்டிக்கொண்டு வருவான்.

நாளை காலை கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் போகிறோம். போர்ட் கிள்ளான் போகும் வண்டி, கிள்ளான் நிலையத்தில் இறங்க வேண்டும், அதற்கு முன்னால் வரும் புக்கிட் படாக்கில் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். நாளை செவ்வாய்க்கிழமை. ஓட்டத்துக்கு நேரம் எடுப்பவர் அந்த ரொட்டிக் கடை அண்ணன்தான். உங்களிடம் ஸ்டாப்வாட்ச் இருந்தால் கொண்டு வாருங்கள். போகும்போது அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். என்னுடையது பழசாகிவிட்டது, பொத்தான் சில நேரம் மாட்டிக்கொள்கிறது.